இரண்டு ஆம்பியர் அடாப்டர் ரவுட்டரை எரிக்குமா?

மாம்பலத்தில் என் பெரியப்பா வீட்டு ரவுட்டரின் அடாப்டர் போன மழைக்காலத்தில் உயிரை விட்டது. அதன் முதுகில் ‘12 வோல்ட், 1 ஆம்பியர்’ என்று அச்சடித்திருந்தது. ரிச்சி தெருவில் கடைக்காரர் எடுத்து நீட்டியதோ ‘12 வோல்ட், 2 ஆம்பியர்’. பெரியப்பா நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“தம்பி, டபுள் கரண்ட் உள்ள போனா ரவுட்டர் கருகிடாதா?”

“கருகாது சார். வோல்ட் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, போதும்,” என்றார் கடைக்காரர், இன்னொருவருக்கு ரிலே போர்டுகளை எண்ணிக்கொண்டே.

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் அந்த அட்டைப்பெட்டியைத் தீபாவளி வெடி மாதிரி மடியில் தள்ளி வைத்தே பிடித்திருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. “பெரிய சார்ஜர் போட்டால் போன் பேட்டரி ஊதிவிடும்” என்று சொல்லாத வீடு இல்லை. எலக்ட்ரானிக்ஸ் பழக ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் போர்டை முதன்முதலாக வாங்கிய மாணவரும் இதே பயத்தோடுதான் 3 ஆம்பியர் சப்ளையைத் தள்ளிவைப்பார். குழப்பத்தில் பாதி நம் பேச்சிலேயே இருக்கிறது. மின்சாரம் நின்றால் “கரண்ட் போச்சு”, கட்டணம் வந்தால் “கரண்ட் பில்”, ஷாக் அடித்தால் “கரண்ட் அடிச்சிடுச்சு”. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் “கரண்ட் கம்மியா வருது” என்கிறோம். உண்மையில் அங்கே குறைந்திருப்பது வோல்டேஜ். ஒரே சொல்லில் நாலு விஷயத்தைக் கட்டி வைத்திருக்கிறோம். முதலில் அந்த மூட்டையைப் பிரிப்போம்.

## மாடித் தொட்டியும் குழாயும்

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தரைத்தளக் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். தொட்டிக்குச் சற்றுக் கீழே இருக்கும் மேல்தளக் குழாயில் நூல் போல வரும். தண்ணீர் அதேதான், தொட்டியும் அதேதான். வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் தரும் அழுத்தத்தைப் போன்றதுதான் மின்னழுத்தம், அதாவது வோல்டேஜ். அதை அளக்கும் அலகு வோல்ட்.

குழாயைத் திறந்தால் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ, அதைப் போன்றது மின்னோட்டம். கரண்ட் என்ற சொல்லின் சரியான பொருள் இது மட்டும்தான். அலகு ஆம்பியர், ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர்.

குழாய் எவ்வளவு குறுகலோ, திருகை எவ்வளவு மூடியிருக்கிறோமோ, அது மின்தடை. அலகு ஓம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தொட்டியின் உயரம் வீடு கட்டும்போதே முடிவாகிவிட்டது. எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கீழே குழாயைத் திறப்பவர். மூடிய குழாயில் அழுத்தம் இருக்கிறது, ஓட்டம் இல்லை. மின்சாரத்திலும் அப்படியே: அழுத்தத்தைத் தருவது அடாப்டர். ஓட்டத்தின் அளவை முடிவு செய்வது அதில் செருகிய கருவி.

இதைக் கணக்காக எழுதியவர் ஜெர்மனியின் கியார்க் ஓம், 1827-இல். மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை. ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன் அவர். சொந்த நாட்டில் ஆரம்பத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் மரியாதை கூடியது. இந்தச் சூத்திரத்தில் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு இடமே இல்லை என்பதைப் பாருங்கள். 12 வோல்ட்டையும் ரவுட்டரின் குணத்தையும் வைத்தே ஓட்டம் தெரிந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: தண்ணீர் உவமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். வயரை வெட்டினால் மின்னோட்டம் கொட்டாது, நின்றுவிடும். போய்த் திரும்பும் முழுச் சுற்று இருந்தால்தான் ஓட்டமே உண்டு.

## பந்தியில் ஆயிரம் பேர் சாப்பாடு

அப்படியானால் அந்த ‘2 ஆம்பியர்’ எதற்கு? ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போகலாம்.

சமையல்காரர் ஆயிரம் பேருக்குச் சமைத்திருக்கிறார். நீங்கள் போய் இலை முன் உட்காருகிறீர்கள். ஆயிரம் பேர் சாப்பாட்டையும் உங்கள் வாயில் திணிப்பார்களா? இரண்டு கரண்டி சாதம் வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவீர்கள். ‘ஆயிரம் பேர்’ என்பது சமையற்கட்டின் திறன். உங்கள் வயிற்றின் அளவு வேறு சங்கதி. அடாப்டரின் ஆம்பியர் எண்ணும் சமையற்கட்டின் திறன்தான்: “இதுவரை கேட்டால் தாங்குவேன்” என்று அது சொல்கிறது. (பரிமாறுபவர் வற்புறுத்தும் வழக்கம் நம் கல்யாணங்களில் உண்டு. நல்லவேளை, அடாப்டருக்கு அது கிடையாது.)

வீட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. கீசருக்காகப் போட்ட 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஜீரோ வாட்ஸ் பல்பைச் செருகினாலும் அது கருகுவதில்லை. சுமார் 65 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டு விடிய விடிய எரியும்.

பெரியப்பாவுக்கு இதையெல்லாம் வாயால் சொன்னதில் பயனில்லை. வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் வைத்தபோது முதலில் 0.3 ஆம்பியர் காட்டியது. வைஃபை கிளம்பியதும் 0.45-க்கு ஏறியது. பேரன் வேறு அறையில் கிரிக்கெட் ஓடவிட்டதும் 0.5-ஐத் தொட்டுத் தொட்டு இறங்கியது. 2 ஆம்பியர் திறனில் கால்பங்குதான். “மிச்சம் ஒண்ணரை எங்கடா போச்சு?” என்றார் பெரியப்பா. எங்கேயும் போகவில்லை. கேட்காத சாப்பாடு அண்டாவிலேயே இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வோல்ட் என்பது தரப்படுவது, ஆம்பியர் என்பது கேட்டு வாங்கப்படுவது. அடாப்டரின் வோல்ட் கருவியின் வோல்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கருவி கேட்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் போதும்.

## போதும் சொல்லத் தெரியாத விருந்தாளி

“அப்படியென்றால் எல்இடியோடு ஏன் ரெசிஸ்டர் என்ற மின்தடைத் துண்டைப் போடச் சொல்கிறார்கள்? அது தனக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளாதா?” நியாயமான கேள்வி. பள்ளிக்கூட நாளில் எனக்கும் இதே எண்ணம்தான். சிவப்பு எல்இடி ஒன்றின் இரண்டு கால்களையும் 9 வோல்ட் பேட்டரியின் தலையில் நேராக வைத்தேன். ஒரு நொடி ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரிந்தது. அப்புறம் கருகிய பிளாஸ்டிக் நாற்றம். பிறகு அது எரியவே இல்லை.

எல்இடி பந்தியில் ‘போதும்’ சொல்லத் தெரியாத ஆள். சாதாரண மின்தடையில் வோல்ட் இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். எல்இடி அப்படி நடப்பதில்லை. சிவப்பு எல்இடி சுமார் 1.6 வோல்ட் வரை சும்மா இருக்கும்; 2 வோல்ட்டை நெருங்கும்போது 20 மில்லி ஆம்பியர் அளவில் நன்றாக எரியும்; அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றினாலே ஓட்டம் பல மடங்கு எகிறி, சூடாகிச் செத்துப்போகும். அது செத்தது பேட்டரி ஆம்பியரைத் தள்ளியதால் என்று தோன்றும். ஆனால் நடந்தது வேறு: தனக்குப் பொருந்தாத வோல்ட்டைக் கொடுத்ததும் அதுவே அளவில்லாமல் இழுத்துக்கொண்டது.

ரெசிஸ்டர்தான் பக்கத்தில் உட்கார்ந்து இலையின் மேல் கையை நீட்டி மறிக்கும் உறவுக்காரர். ஆர்டுயினோ உனோ போர்டில் ‘பின்’ எனப்படும் இணைப்பு முனை 5 வோல்ட் தருகிறது. அதில் 2 வோல்ட்டை எல்இடி வைத்துக்கொள்ளும். மிச்சம் 3 வோல்ட்டை 220 ஓம் ரெசிஸ்டர் ஏற்றுக்கொள்ளும். 3 ÷ 220 என்றால் சுமார் 14 மில்லி ஆம்பியர். எல்இடிக்கும் சுகம், பின்னுக்கும் சுகம். உனோவின் ஒரு பின்னில் 20 மில்லி ஆம்பியருக்குள் நிற்பது நல்லது, 40 என்பது மீறக் கூடாத எல்லை. ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் எல்இடி போகலாம், பின்னும் போகலாம்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். சீலிங்கில் பதிக்கும் எல்இடி விளக்குகளோடு வரும் சின்னப் பெட்டியைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். அதை டிரைவர் என்பார்கள். அதன் மேல் வோல்ட் ‘24 முதல் 40 வரை’ என்கிற மாதிரி ஒரு இடைவெளியாகவும், மில்லி ஆம்பியர் ஒரே எண்ணாகவும் எழுதியிருக்கும். அது தலைகீழ்ப் பிறவி: ஓட்டத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டு வோல்ட்டை ஏற்றி இறக்கும். எல்இடிக்கு மட்டுமே அது சரி. வயர் நீளம் பொருந்துகிறது என்று அதில் ரவுட்டரை மாட்டிவிடாதீர்கள்.

## குறைந்தால்தான் வம்பு

ஆம்பியர் அதிகமானால் என்ன ஆகும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். குறைந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. என் மேசையில் வீணான மாலைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் போயின.

ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு பலருக்குத் தெரிந்திருக்கும். மைக்ரோகன்ட்ரோலர் என்பது செயலியும் நினைவகமும் வெளியுலகைத் தொடும் பின்களும் ஒரே சில்லுக்குள் அடங்கிய குட்டிக் கணினி. ஈஎஸ்பி32-இல் வைஃபையும் சேர்ந்தே வருகிறது. சும்மா இருக்கும்போது அது கொறிப்பது கொஞ்சம். வைஃபையில் பேச வாயைத் திறந்ததும் ஒரு கணத்துக்குச் சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும்.

என் போர்டு வைஃபையில் சேரும் அதே நொடியில் செத்துச் செத்துப் பிழைத்தது. திரையில் ‘பிரவுன்அவுட் டிடெக்டர்’ என்று தொடங்கும் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. நிரலில் தப்பு என்று நினைத்து இரண்டு மாலை அதைத் துருவினேன். கடைசியில் மீட்டரின் முனைகளைப் போர்டின் 5 வோல்ட் பின்னில் வைத்துப் பார்த்தால், வைஃபை கிளம்பும் கணத்தில் எண் 4.3-க்கு விழுந்தது.

குற்றவாளி கேபிள். ஏதோ பழைய ஹெட்போனோடு வந்த, நூல் மாதிரி மெல்லிய கேபிள். அதன் மின்தடை போகவரச் சேர்த்து 1.4 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே காலி. மிச்சம் 4.3 போர்டுக்கு வருகிறது. அங்கே அதை 3.3 ஆகக் குறைக்கும் ரெகுலேட்டர் இருக்கிறது. பல மலிவு போர்டுகளில் இருக்கும் 1117 வகை ரெகுலேட்டருக்குத் தான் தரும் 3.3-ஐவிடச் சுமார் 1.1 வோல்ட் கூடுதலாக உள்ளே வர வேண்டும். அதாவது 4.4. அதற்குக் கீழே போனால் அது தடுமாறும், சில்லு தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். தடித்த கேபிள் மாற்றியதும் நிரலில் ஒரு எழுத்துகூடத் தொடாமல் வேலை செய்தது.

தொட்டி நிறைய இருந்தும் குழாய் அடைத்துக்கொண்டால் இப்படி. தொட்டியே சின்னதாக இருந்தாலும் இதே கதைதான். 1 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு அரை ஆம்பியர் அடாப்டரைப் போட்டால், நல்ல அடாப்டர் தன்னை அணைத்துக்கொள்ளும். சுமாரானதில் வோல்ட் சரியும். மட்டமானது சூடாகி உருகும். ரவுட்டர் பகலில் ஒழுங்காக ஓடி, இரவு எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் மட்டும் விட்டு விட்டு அணைந்தால், இணையக் கம்பெனியைத் திட்டும் முன் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள்.

ஆக, திறன் கூடினால் நஷ்டமில்லை. திறன் குறைந்தால், அல்லது வழியில் மின்தடை கூடினால், கருவிக்கு வோல்ட் சரியும். விட்டு விட்டு வரும் விசித்திரக் கோளாறுகளில் நிறைய இங்கேதான் பிறக்கின்றன.

## வேக சார்ஜர் நடத்தும் பேச்சுவார்த்தை

“சரி, என் சார்ஜரில் 20 வோல்ட் என்றும் போட்டிருக்கிறதே. போன் தாங்குமா?” இதுவரை சொன்னபடி பார்த்தால் வோல்ட் கூடினால் ஆபத்து. பயம் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது.

பதில்: கேட்காமல் அது 20 வோல்ட் தராது. டைப்-சி யூஎஸ்பியில் மின்சாரம் வரும் முன்பே ஒரு விசாரிப்பு நடக்கிறது. டைப்-சி வாயில் சிசி என்று இரண்டு சிறு பின்கள் உண்டு. வாங்கும் கருவி அவை ஒவ்வொன்றிலும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்திருக்க வேண்டும். சார்ஜர் அந்த ரெசிஸ்டரைக் கண்டால்தான் 5 வோல்ட்டையே திறக்கும். பிறகு அதே கம்பி வழியாக இருவரும் பேசிக்கொள்கிறார்கள். “என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் இருக்கிறது” என்று சார்ஜர் பட்டியல் வாசிக்கும். “எனக்கு 9 வேண்டும்” என்று போன் கேட்கும். கேட்ட பிறகே ஏறும். பேசத் தெரியாத கருவிக்கு 5 வோல்ட்தான். யூஎஸ்பி பவர் டெலிவரி என்று பெட்டியில் போட்டிருப்பது இந்தப் பேச்சுவார்த்தையைத்தான். சில போன் கம்பெனிகள் தங்களுக்குள் மட்டும் புரியும் பாஷை வைத்திருக்கின்றன. வேறு சார்ஜரில் போட்டால் அது புரியாமல் மெதுவாக ஏறும், அவ்வளவே.

அந்த 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் விலை பைசாக் கணக்கில். அதையும் மிச்சம் பிடிக்கும் மலிவு மாட்யூல்கள் உண்டு. ஒரு பக்கம் பழைய செவ்வக முனை கொண்ட கேபிளில் உயிர் வரும். இரு பக்கமும் டைப்-சி கேபிளைப் போட்டால் பிணம் மாதிரி கிடக்கும். பலர் போர்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். பெரிய இடத்திலும் இது சறுக்கியிருக்கிறது: 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினிப் போர்டின் முதல் பதிப்பில் இரண்டு பின்களுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரை வைத்துவிட்டார்கள். உள்ளே சில்லு பதித்த உயர்ரக கேபிளில் போட்டால், எதிரில் இருப்பது ஆடியோ கருவி என்று எண்ணிச் சார்ஜர் மின்சாரமே தரவில்லை. பிந்தைய போர்டுகளில் திருத்திக்கொண்டார்கள்.

இன்னொன்று. நாம் சார்ஜர் என்று சொல்வது சார்ஜரே அல்ல, வெறும் அடாப்டர். பேட்டரிக்குள் எவ்வளவு போக வேண்டும் என்று அளந்து ஊற்றும் உண்மையான சார்ஜர் போனுக்குள் ஒரு சில்லாக இருக்கிறது. பேட்டரி 20 சதவீதத்தில் இருக்கும்போது மீட்டரில் 1.8 ஆம்பியர் காட்டும் என் பழைய போன், நிறைந்ததும் 0.05-க்கு இறங்கிவிடுகிறது. அடாப்டர் மாறவில்லை, உள்ளே இருப்பவர் குழாயைத் திருகி மூடிவிட்டார்.

## “வோல்ட் கொல்லாது, ஆம்பியர்தான் கொல்லும்”

எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் இந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அரைகுறையாகக் கேட்டால், ஆம்பியர் எண் பெரிதாக இருக்கும் எதையும் தொட்டால் சாவு என்று ஆகிவிடுகிறது.

செல்ஃப் ஸ்டார்ட் உள்ள பைக்கின் 12 வோல்ட் பேட்டரி, மோட்டாரைச் சுற்ற வைக்கும்போது பத்துக்கணக்கான ஆம்பியர் தரும். அதன் இரண்டு முனைகளையும் உலர்ந்த விரலால் தொட்டால் ஒன்றும் தெரியாது. உலர்ந்த தோலின் மின்தடை பத்தாயிரக்கணக்கான ஓம். 50,000 என்று வைத்தால், 12 ÷ 50,000 = 0.24 மில்லி ஆம்பியர். உடல் இழுப்பது அவ்வளவுதான். அதே உடல், ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொட்டால்? ஈரத்தில் மின்தடை 2,000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230 ÷ 2,000 = 115 மில்லி ஆம்பியர், உயிரைக் குடிக்கப் போதுமானது. வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி வைத்திருப்பது இதனால்தான். கொல்வது ஓட்டம்தான், அந்த ஓட்டத்தை உடலுக்குள் செலுத்துவது வோல்ட்.

பெரிய ஆம்பியர் திறன் உண்மையிலேயே ஆபத்தாகும் இடம் ஒன்று இருக்கிறது: ஷார்ட் சர்க்யூட். அதே பைக் பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால், ஸ்பேனரின் மின்தடை ஓம்மின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். பேட்டரி தன்னிடம் உள்ளதையெல்லாம் கொட்டும், பொறி பறக்கும், ஸ்பேனர் முனையில் ஒட்டிக்கொள்ளும். விவரமான மெக்கானிக் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வதற்குக் காரணம் இது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த 18650 என்ற உருளை லித்தியம் செல்லைச் சாவிக்கொத்தோடு பாக்கெட்டில் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

புதிதாகச் சால்டர் செய்த போர்டுக்கு முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது, மேசை சப்ளையில் (வோல்ட்டையும் ஓட்டத்தின் உச்சவரம்பையும் நாமே திருகி வைக்கும் பெட்டி) கரண்ட் லிமிட் திருகை 100 மில்லி ஆம்பியரில் வைத்துத் தொடங்குங்கள். ஃபுல் மீல்ஸுக்குப் பதில் அளவுச் சாப்பாடு. எங்காவது ஈயம் வழிந்து ஷார்ட் ஆகியிருந்தால் சப்ளை அங்கேயே நிறுத்திக்கொள்ளும், புகை வராது.

## அடாப்டர் டப்பா

எல்லா வீட்டிலும் ஒரு டப்பா இருக்கிறது: எதனுடையது என்று தெரியாத அடாப்டர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். உண்மையான ஆபத்து அதற்குள்தான். ரவுட்டரின் 12 வோல்ட் உருளை முனையும் சில லேப்டாப்களின் 19 வோல்ட் உருளை முனையும் வெளியே ஒரே 5.5 மில்லிமீட்டர்தான். ஒன்று மற்றதில் சில சமயம் நுழைந்தும்விடும். நுழைந்தால் பொருந்துகிறது என்று பொருளில்லை.

டப்பாவிலிருந்து எடுக்கும்போது முதலில் வோல்ட்டைப் பாருங்கள். ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து, வட்டத்துக்குள் புள்ளி போட்ட சின்னப் படம். நடுப் புள்ளி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று அது காட்டும். கருவியின் மேல் உள்ள படமும் அதேதானா என்று பாருங்கள், மாறினால் கருவி போய்விடலாம். ஆம்பியரைக் கடைசியில் பார்த்தால் போதும்.

பெரியப்பா வீட்டு ரவுட்டர் இன்னும் அந்த 2 ஆம்பியர் அடாப்டரில்தான் ஓடுகிறது. இப்போது அதன் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்: ‘ரவுட்டர். 12 வோல்ட். லேப்டாப் ஒயரை இதில் சொருகாதே.’